ஈரப்பாசி

லைடன் நகரத் தோட்டக்காரி மாக்டெல்ட்டின் கணவன் வைப்ரண்ட், ஊர் ஊராகப் போய் அபூர்வச் செடிகள் சேகரித்து வருபவன். மூன்று வருடத்துக்கு முன் கப்பலோடு மூழ்கிப்போனான். ஈஸ்டர் முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்து லுப்பர்ட்டைக் கட்டிக்கொள்ள அவள் சம்மதித்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க, காலையில் எழுந்து பார்த்தால் பாத்திகளில் ஒரு களைகூட இல்லை.

“எனக்குன்னு ஒரு வேலையாவது மிச்சம் வைக்க மாட்டியா?” என்று லுப்பர்ட் சிரித்தான்.

“விளையாடாதீங்க. நீங்கதானே பிடுங்குறீங்க?”

“நானா? இடுப்பு பிடிச்சு நாலு நாளாச்சு, குனியவே முடியல.”

அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் பாத்திக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

கல்யாணத்தன்று காலை லுப்பர்ட் அவளை அழைத்துப்போக வந்தான். அவன் நட்டுக் கொடுத்திருந்த துலிப் செடிகள் மட்டும் பாத்தியில் இல்லை. வேர் அறாமல் தோண்டி, தூரப் பயணத்துக்குக் கட்டுவதுபோல் ஈரப்பாசியில் சுற்றி, கயிற்றால் முடிச்சுப் போட்டு, சுவரோரம் வரிசையாக வைத்திருந்தது.

“இது யார் போட்ட முடிச்சு?”

“அவரோடதுதான்,” என்றாள் மாக்டெல்ட். “வாங்க, தேவாலயத்துக்கு நேரமாச்சு.”

லுப்பர்ட் திரும்பினான். வாசலில் அவன் கழற்றிவிட்ட மரச்செருப்புகளைக் காணவில்லை. வரிசையின் கடைசியில், பாசி சுற்றிய இரண்டு புதுப் பொட்டலங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.