பத்துக்கு அஞ்சு

"அந்த மார்க்கை மட்டும் மாத்திடுங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

விமர்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்படி வைத்தாரென்றால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். சமையலறை வாசலில் நின்ற மனைவிக்கு அது தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தெரியாது, பாவம்.

வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர் அவர். ஒரு கேமைக் கடைசிவரை ஆடி முடிக்காமல் ஒரு வரி எழுத மாட்டார். எழுதியதும், தகவல் பிழை ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்று, வெளியாவதற்கு முந்தின நாளே செய்தவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுவார். நல்ல பழக்கம்தான். ஆனால் அதனால்தான் இப்படி வீடு தேடி வந்து உயிரை வாங்குகிறார்கள்.

"இங்க பாரும்மா, தகவல் தப்பா இருந்தா சொல்லு, திருத்தறேன். மார்க்கைத் தொட மாட்டேன். என் மச்சினன் செஞ்ச கேமுக்கே நாலு போட்டவன் நான்."

"அதுக்கப்புறம் என் தம்பி இந்த வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்கலை" என்றாள் மனைவி, தண்ணீர் டம்ளரை அந்தப் பெண்ணிடம் நீட்டியபடி. "நீ குடிம்மா. என் சமையலுக்கே இத்தனை வருஷத்துல ஆறைத் தாண்டினதில்லை இந்த மனுஷன்."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

அந்தப் பெண் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"சரி, நீயே சொல்லு. நான் எழுதினதுல எது தப்பு?"

"எதுவும் தப்பில்ல சார்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வருகிறவர்களெல்லாம் 'உங்களுக்கு ரசனையே இல்லை' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்க கேம்ல குதிரை நல்லாத்தாம்மா ஓடுது. ஆனா எங்க போறோம்னு குதிரைக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. தம்பிக்காரன் அண்ணனைத் தேடிப் போறான். எந்தக் காட்டுக்குள்ள போனாலும் அதே மரம், அதே பாறை. வழி தப்பிப் பழைய காட்டுக்கே வந்துட்டேன்னு நினைச்சா, அது வேற காடாம்! கடைசியில அண்ணன் கிடைச்சப்போ அழுகையும் வரலை, எரிச்சலும் வரலை. அப்பாடா, முடிஞ்சுதேன்னு இருந்துச்சு. உப்புச்சப்பே இல்லை."

"கதை எழுதினவர் பாதியில வேற வேலைக்குப் போயிட்டார் சார். மரம் வரைய ஒரே ஒரு ஆள்தான். அவருக்கும் நடுவுல கை ஒடிஞ்சுபோச்சு."

விமர்சகருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்போ அஞ்சு சரிதானே?"

"அந்த அஞ்சுதான் சார் எங்களைக் கொல்லுது." அவள் குரல் உடைந்தது. "நாளைக் காலையில உங்க விமர்சனம் வந்துடும். அஞ்சுன்னு பார்த்தா ஜனங்க அடுத்த கேமுக்குப் போயிடுவாங்க. இந்த வாரம் விக்கலைன்னா ஆபீஸை மூடிடுவாங்க. எட்டுப் பேர் சார். ஒருத்தருக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு. இத்தனை வருஷம் மாடா உழைச்சது, வந்த சுவடே தெரியாமப் போயிடும்."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா என்னை நம்பிப் படிக்கறவங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியுமா?"

"உங்களைத்தான் சார் எல்லாரும் நம்பறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும். அதனாலதான் வேற யார்கிட்டயும் போகாம உங்ககிட்ட வந்தேன்."

"ஏங்க..." என்றாள் மனைவி மெதுவாக. "எட்டுக் குடும்பங்க."

விமர்சகர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். வாய்தான் கறார், மனுஷர் ஒன்றும் கல்மனசுக்காரர் இல்லை. அந்தக் கேமில் ஓரிடம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. மழை விட்டதும் குதிரை நின்று உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். ஆடிக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை ஏன் எழுதாமல் விட்டோம்? நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் கை ஏனோதானோவென்று ஓடிவிடுகிறது. அந்தக் குதிரையைச் சிலிர்க்கவைத்தவர் அடுத்த வாரம் வேலையில்லாமல் நிற்பார் என்று நினைக்க அவருக்கு மனசு கேட்கவில்லை.

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் அனுபவத்துல யாருக்காகவும் இதைச் செஞ்சதில்லை. குதிரையைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சேர்க்கறேன். அஞ்சை ஆறாக்கிடறேன். இதுக்கு மேல கேக்காதே."

மனைவிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

அந்தப் பெண்ணோ பதறியடித்து எழுந்தாள். அவர் கையைப் பிடித்து இழுக்காத குறை.

"ஐயையோ, ஏத்தாதீங்க சார்! ஒண்ணு போடுங்க. இப்படி ஒரு கேவலமான கேமை ஜென்மத்துல பார்த்ததில்லைன்னு காறித் துப்பி எழுதுங்க. அப்படி என்னதான் மோசம்னு ஆடிப் பார்த்துச் சிரிக்கறதுக்காவது ஊரே வாங்கும் சார், எங்க எட்டுப் பேர் வேலையும் தங்கும்!"