தக்காளி முடியும் வரை

“இந்த மாசத்துல யாராவது தக்காளி நடுவாங்களாம்மா?” வீட்டுக்காரர் மொட்டைமாடிக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “மழை பிடிச்சா பூவெல்லாம் கொட்டிரும். தொட்டியைப் பாத்து நீ அழுவ, உன்னைப் பாத்து நான் சிரிப்பேன்.”

மாடியில் குடியிருப்பவள் நிமிரவில்லை. எட்டாவது நாற்றைத் தொட்டியில் வைத்து மண்ணை அழுத்தினாள்.

“இன்னொரு தடவை காய் பறிக்கலாம்னு பாத்தேன் சார்.”

“பறி, பறி. ஏத்திட்டுப் போக இப்பவே லாரி சொல்லி வெச்சிரட்டுமா?”

விதைப் பண்ணையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நல்ல வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தாராளமாக வழங்குவார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, தன் மகன் குடும்பத்தோடு இந்த மாடிக்குக் குடிவரப் போகிறான், காலி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்போது அவளுடைய தக்காளிச் செடிகள் பூத்து நின்றன. பூத்த செடியை இடம் மாற்றக் கூடாது என்பது அவருடைய கொள்கை. மனிதர்களைப் பற்றி அப்படி எதுவும் கொள்கை இருந்ததாகத் தெரியவில்லை.

“சரி, தக்காளி முடிஞ்சதும் கிளம்புங்க” என்று கெடு வைத்தார். உலகத்தில் வேறு எந்த வாடகை வீட்டுக்கும் இப்படி ஒரு கெடு இருந்திருக்காது.

மகளின் இறுதித் தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பள்ளிக்கூடம் தெருமுனையில். பழைய செடிகளில் மிச்சம் நாலே நாலு காய். ஆகவேதான் இந்த எட்டு நாற்றுகள்.

“பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. அம்மா பரீட்சைக்கு உரம் போடுறா” என்றான் கணவன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. “பெரியவர் கண்டுபிடிச்சிட்டா?”

“நம்மளைக் கேலி பண்ணவே அவருக்கு நேரம் பத்தல. இதுல எங்க கண்டுபிடிக்கப் போறாரு?”

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் போன் செய்வான். கீழே சரியாகக் கேட்காது என்று அவர் மொட்டைமாடிக்கு வந்துதான் பேசுவார்.

“இன்னும் முடியலடா. நாப்பது காய் தொங்குது, பிஞ்சு வேற இருக்கு. நானே எண்ணிப் பாத்தேன்.”

துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் பழைய செடிகளைப் பார்த்தாள். அதே நாலு காய். கண் புரையை வைத்தியரிடம் காட்டாமல் தள்ளிப்போட்டால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் கணக்கைத் திருத்தும் அளவுக்கு அவள் நல்லவள் இல்லை.

பதினைந்து நாள், தினமும் காலையில் வந்து சிரித்துவிட்டுப் போனார். பதினாறாம் நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு செடியின் முன்னால் குனிந்தார்.

“என்ன ரகம் இது?”

“தெரியல சார். நர்சரியில குடுத்தாங்க.”

“ம்” என்றார். அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு கூட இல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் அவர் கண்ணிலேயே படவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் மொட்டைமாடிக்கு வந்தபோது எட்டுத் தொட்டியும் காலி. பிடுங்கிய செடிகள் வாளிக்குள் வேரோடு கிடந்தன.

பின்னால் வந்த கணவன் எட்டிப் பார்த்தான். “ஒப்பந்தத்தைக் கிழிச்சுட்டாரு போல” என்றான்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வந்தார். கையெல்லாம் மண். அக்குளில் ஒரு கட்டு மூங்கில் குச்சி, கையில் ஒரு நாற்றுத் தட்டு.

அவர் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “தப்புதான் சார். பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் இங்கயே இருந்துடலாம்னுதான் நட்டேன். ஏமாத்தணும்னு இல்ல.”

“இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேற பண்ணணுமாக்கும். நீ நாத்தைத் தூக்கிட்டுப் படியேறும்போதே தெரியும்.” அவர் தட்டைக் கீழே வைத்தார். “ஏமாத்துறதையாவது உருப்படியா செஞ்சியா? நீ நட்டது குட்டை ரகம். மொத்தமா காய்ச்சுத் தள்ளிட்டு மூணே மாசத்துல மண்டையைப் போட்டுரும்.”

அவர் ஒவ்வொரு தொட்டியிலும் ஆளுயரக் குச்சி ஒன்றை ஊன்ற ஆரம்பித்தார்.

“இது கொடி ரகம். கட்டிவிட்டா ஒரு வருஷத்துக்கு அசையாது.”

“அப்ப உங்க பையன் சார்?”

“அவன் வந்துடக் கூடாதுன்னுதானேம்மா ரெண்டு நாளா நர்சரி நர்சரியா அலைஞ்சேன்!”