குழாயில் உறைந்த பனி

நல்லூர் வீட்டு அடுக்களையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திறந்த ஃபிரீசருக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறாள் தெய்வாத்தாள். தானாக ஐஸ் கட்டி போடும் பெட்டி நேற்றிலிருந்து காலி. கேன்சர் மருந்தால் வாயெல்லாம் புண்ணான கணவர் திருமூர்த்திக்கு ஐஸ் துண்டுதான் ஆறுதல். பக்கத்து வீட்டில் வாங்கி வந்தது கிண்ணத்தில் கரைந்துகொண்டிருக்கிறது. அடுத்த சந்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் இரைகின்றன. பின்னால் செருப்புச் சத்தம். வாரக்கணக்கில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், அதே சுவரைப் பிடித்தபடி வந்து நிற்கிறார்.

“ஏனுங்க, நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க?”

அவர் குனிந்து எட்டிப் பார்க்கிறார். “ஐஸ் தட்டுல சொட்டுத் தண்ணி இல்ல பாரு. தண்ணி வார வழியிலதான் அடச்சிருக்கோணும்.” புண்ணால் சொற்கள் குழறுகின்றன, ஆனால் கண் தட்டை விட்டு அசையவில்லை. அவள் விரலால் துழாவுகிறாள். பின்பக்கத்து மெல்லிய குழாயின் வாயில் பனி இறுகிக் கிடக்கிறது. பனியன் வேஸ்ட் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து அதன்மேல் பிடிக்கிறாள். “எடுக்காத, இன்னுங் கொஞ்சம் புடி,” என்கிறார். பென்சில் முனைபோல ஒரு பனித்துண்டு நழுவி விழுகிறது. பிளக்கை மாட்டியதும் உள்விளக்கு எரிகிறது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்ன ‘டிக்’, மெல்லிய நூலாகத் தட்டில் தண்ணீர் இறங்குகிறது.

“போயிப் படுங்க. ஐஸ் ஆனதும் நானே கொண்டாறேனுங்க,” என்று அவள் கதவைச் சாத்துகிறாள்.

திருமூர்த்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். “இருக்கட்டும் தெய்வா. ஐஸ் எப்பிடிக் கொட்டுதுன்னு கேக்கோணும்,” என்று சொல்லி, மூடிய கதவில் காதை வைக்கிறார்.