முதல் டம்ளர் பால்

பெருங்களத்தூரில் அனுப்பிரியாவின் ஓவியக் கண்காட்சி. எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் நின்றது. அதன் நடுவே ஒரு பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தது.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதிலிருந்து தெருத்தெருவாக டு-லெட் போர்டு தேடிக்கொண்டிருந்த நிருபர் ஜெபினுக்கு, அந்த மூட்டைகள் தன் வீட்டுச் சாமான்கள் போலவே தெரிந்தன.

“உங்க முன்னோர் பொழைக்க இடம் தேடி ரொம்ப அலைஞ்சிருக்காங்க இல்ல, மேடம்?”

“அலையறதா? எங்க தாத்தாவுக்குத் தாத்தா உழுத நிலத்துலதான் சார் எங்க வீடே இருக்கு. நாங்க தெருமுனையைக்கூடத் தாண்டல!”

“அப்ப இவங்கள்லாம் யாரு?”

“எங்க மாடிக்குக் குடிவந்தவங்க. திருநெல்வேலி, விஜயவாடா, அசாம்... யார் பால் காய்ச்சினாலும் முதல் டம்ளர் ஹவுஸ் ஓனருக்குத்தானே வரும்? அத்தனையும் குடிச்சு வளர்ந்தவ நான்!”

ஜெபின் பேனாவை மூடிப் பையில் போட்டான்.

“மேடம்... இப்ப மாடில யாராவது இருக்காங்களா?”

அனுப்பிரியா சிரித்துக்கொண்டே, துணி போட்டு மூடியிருந்த கடைசி ஓவியத்தைத் திறந்து காட்டினாள். அதில் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை பாத்திரத்தோட வாங்க. மிச்சத்தை வரைஞ்சிடறேன்!”