வெண்ணெய் தின்ற எலிகள்

"அக்கா, என் எலிங்க வெண்ணெயிலயே குளிச்சாலும் கொழுப்பு ஏறாது. ஏறின கொழுப்பும் என் ஊசியைப் பார்த்தா தலைதெறிக்க ஓடிடும்!"

"தும்மினா புயல்னு சொல்றவன்டா நீ. மெஷின் சொல்லட்டும், நம்புறேன்" என்றாள், ஆய்வகத்தின் ரத்தப் பரிசோதனைப் பிரிவைக் கட்டி ஆளும் அக்கா.

தம்பி சிரித்தான். கல்லீரலில் இருக்கும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. மூலக்கூறுதான் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுகிறது, அதை ஊசி மருந்தால் கட்டிப்போட்டால் இறங்கிவிடும் என்பது அவன் கட்சி. அரை ஆயுள் அதற்கே போயிருந்தது. எல்லா எலிகளுக்கும் ஒரே வெண்ணெய்த் தீனி. பாதி எலிகளுக்கு மட்டும் ஊசி. இன்று பலிக்காவிட்டால் சாயங்காலமே ஆய்வை இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

எலிகளின் ரத்தம் அடைத்த சோதனைக் குழாய்களை விழுங்கிக்கொண்டு மெஷின் உறுமியது. அவன் கடித்த கடியில் நகம் தீர்ந்து, விரலும் பாதி தேய்ந்திருக்கும். நெற்றியில் வழிந்த வியர்வையில் தாராளமாகப் படகு விடலாம்.

திரையில் எண்கள் வந்தன. ஊசி போட்ட எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். ஊசி போடாதவற்றுக்கு அதில் பாதிதான்.

"என்னக்கா இது... அப்படியே தலைகீழா இருக்கு?" நாற்காலியில் பொத்தென்று சரிந்தான்.

அக்கா கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி! நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குடா தெரியும்? இந்தப் பக்கத்து நம்பரை அந்தப் பக்கம் போட்டுடு. நான் கண்ணை மூடிக்கிறேன்."

நிஜமாகவே மூடிக்கொண்டாள். அவன் விரல் விசைப்பலகைக்கு மேலே போய் நின்றது. ஒரு தட்டு தட்டினால் போதும்.

கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. வாயால நான் ஆயிரம் அளப்பேன். எலி பேருல அளக்க மாட்டேன்."

தொலைபேசியை எடுத்து இயக்குநரை அழைத்தான். "சார்... தோத்துட்டேன் சார். ஆய்வை மூடிடலாம்."

அக்கா பாய்ந்து வந்து தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"சார், எதையும் மூடாதீங்க! நம்பரைத் திருத்துறானான்னு பார்க்க, ஊசி போட்டது, போடாததுன்னு சோதனைக் குழாய்ல இருந்த சீட்டையெல்லாம் காலையில நான்தான் மாத்தி ஒட்டினேன். இந்தப் புளுகன் சொன்னது நிஜமாவே நடந்திருக்கு சார்!"