ஒரு மஃப்ளர், இரண்டு அம்மாக்கள்

"கடல்ல போனது உன் மஃப்ளர். நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்துனது என் மஃப்ளர். இதை இன்னும் எத்தனை தடவை சொல்றது?" என்றார் மெய்ரிக்.

"புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்," என்றாள் நெஸ்டா. "உன்னோடது கந்தல். அலை வர்றதுக்கு முன்னாடியே காத்துல பறந்திருக்கும்."

அபெரிஸ்த்வித் கடற்கரைச் சாலையின் வடகோடியில், இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு சண்டை நடந்தது. அந்த ஊருக்குப் படிக்க வருகிறவர்கள் சாலை முடியும் வரை நடந்துபோய் அந்தக் கிராதிக்கு ஓர் உதை கொடுக்காமல் திரும்ப மாட்டார்கள். 1971 அக்டோபரில், கல்லூரி திறந்த முதல் வாரம், முன்பின் தெரியாத மெய்ரிக்கும் நெஸ்டாவும் ஒரே நேரத்தில் உதைக்கக் காலைத் தூக்கினார்கள். அதே நேரம் பார்த்து ஒரு பேரலை எழும்பி இருவரையும் தலையோடு குளிப்பாட்டியது. உப்புத் தண்ணீரைத் துடைத்துக் கண்ணைத் திறந்தபோது, இருவர் தோளையும் சேர்த்து ஒரே ஒரு மஃப்ளர் போர்த்தியிருந்தது. மற்றொன்றைக் காணவில்லை.

சிவப்பும் பச்சையும் போட்ட கல்லூரி மஃப்ளர். எல்லோரிடமும் அதே மாதிரிதான் இருக்கும். அது யாருடையது என்பது நாற்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இன்னும் தீராத வழக்கு.

இன்று தீர்ந்தே ஆக வேண்டும். பழைய மாணவர் சங்கம் அவர்கள் பெயரில் இங்கே ஒரு பெஞ்சு போடுகிறது. யார் மஃப்ளர் யாரைக் காப்பாற்றியது என்று செப்புத் தகட்டில் வெட்டப் போகிறார்கள். வீட்டில் மற்ற எல்லா வழக்கிலும் தோற்றுவிட்ட மெய்ரிக்குக்கு மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். இதையும் விட்டுக்கொடுத்தால் தகட்டைப் படிக்கிற ஒவ்வொருவனும் சிரிப்பான் என்று அவருக்குப் பயம்.

"ஒரு மணிக்குள்ள பேரைச் சொல்லணும். தகடு வெட்டுறவர் காத்துட்டிருக்கார்," என்றார் சங்கம் அனுப்பியிருந்த போட்டோக்காரர். வெள்ளைத் தாடி, காதுவரை இழுத்துவிட்ட குல்லாய். பெஞ்சை இரண்டு படம் எடுத்தவர், நெஸ்டா கையிலிருந்த மஃப்ளரை மட்டும் இருபது படம் எடுத்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க," என்று நெஸ்டா அவரைப் பஞ்சாயத்துக்கு இழுத்தாள். "அவ்வளவு பெரிய அலையில இது நனையவே இல்லை. கதகதன்னு இருந்துச்சு. அப்படின்னா எவ்வளவு கெட்டிக் கம்பளி? எங்கம்மா பார்த்துப் பார்த்து வாங்கினது."

"எங்கம்மா மட்டும் என்ன, சல்லடையா வாங்குனா?" என்றார் மெய்ரிக்.

"அன்னைக்கு சாட்சிக்கு ஒருத்தன் இருந்தான். ஒல்லிக்குச்சியா ஒரு பையன். 'டீ வாங்கிட்டு வரேன், நில்லுங்க'ன்னு ஓடினான். போனவன் போனவன்தான்," என்றாள் நெஸ்டா.

"நாம எங்கே நின்னோம்? ரெண்டு நிமிஷத்துல ஓடிட்டோமே."

"நின்னிருந்தாலும் வந்திருக்க மாட்டான். முழியே சரியில்லை."

போட்டோக்காரர் இருமினார்.

"நீங்களும் இங்கதான் படிச்சீங்களா?" என்று கேட்டாள் நெஸ்டா.

"ஒரே ஒரு வாரம்மா. குளிர் ஜுரம் வந்து படுத்துட்டேன். அப்பா வந்து பண்ணைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். ஆடு மேய்ச்சேன். அப்புறம் கேமராவைப் பிடிச்சேன்."

"அடப்பாவமே! இப்பவும் பாருங்க, இந்தக் காத்துல கழுத்தைத் திறந்து போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. உங்களுக்கெல்லாம் புத்தியே வராதா?"

"வரலைம்மா," என்றார் அவர் பணிவாக. பிறகு மஃப்ளரின் மூலையிலிருந்த ஒட்டுத்துணியைச் சுட்டிக் காட்டினார். "இந்த ஒட்டு யார் போட்டது?"

"எங்கம்மா!" என்றார்கள் இருவரும்.

"ஹாஸ்டலுக்கு அனுப்புற துணியில பேர் நாடா வெச்சுத் தைப்பாங்களே. ஒட்டுக்குள்ள இருக்கும். பிரிச்சுப் பார்த்துடுங்களேன். நான் போய் டீ வாங்கிட்டு வரேன்."

அவர் போய்விட்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது இருவருக்கும் எப்போதோ தோன்றிய யோசனைதான். பிரித்தால் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"வேணாம் நெஸ்டா. ரெண்டு பேர் பேரையும் போட்டுடச் சொல்லலாம்."

"ஏன், உதறுதா?" என்று கைப்பையிலிருந்து நகம் வெட்டியை எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் தையலை வெட்டினாள்.

தையல் விட்டது. உள்ளே பழுப்பேறிய நாடா. இருவரும் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

'இட்வல் பியூ, அறை 14.'

மெய்ரிக் இரண்டு தடவை படித்தார். தன் பெயர் இல்லை. நல்லவேளை, அவள் பெயரும் இல்லை.

"யாரு நெஸ்டா இந்த இட்வல்?"

"எனக்கென்ன தெரியும்? என் மஃப்ளர் எங்கே அப்போ?"

"என்னோடது எங்கே?"

இருவரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள்.

பின்னால் யாரோ இருமும் சத்தம். போட்டோக்காரர் ஆவி பறக்கும் டீயை ஆளுக்கொரு கப்பாக நீட்டினார். நெஸ்டா கையிலிருந்த மஃப்ளரை மெதுவாக எடுத்துத் தன் கழுத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க, கடையில சரியான கூட்டம். வர்றதுக்கு ஐம்பத்திரண்டு வருஷம் ஆயிடுச்சு."