நிற்கும் வண்டிக்கு நாலு டயர்

"இந்த டயரோடவா வந்தீங்க? உள்கம்பி வெளிய தெரியுதே!" ஜப்பானின் ஒயாமா நகரில் பழைய டயர்க் கடை வைத்திருந்த இசோபே, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி வந்தார்.

"இருக்கிறதுலயே மலிவா நாலு போடுங்க," என்றார் அதை ஓட்டி வந்த நுமாதா. "சாயங்காலத்துக்குள்ள மாத்தலேன்னா, கேட்பாரில்லாத வண்டின்னு இழுத்துட்டுப் போயிடுவாங்களாம். நான் நிறுத்தற பார்க்கிங்ல காவலாளி சொல்லிட்டாரு."

"இந்த வண்டிக்குப் பின் டயர் அகலம். மலிவுன்னா முன்னாடி ஒரு ரகம், பின்னாடி ஒரு ரகம்தான் கிடைக்கும். வேகமாப் போனா வழுக்கும்."

"வேகம் வேண்டாங்க. பார்க்கிங் வரைக்கும் போனாப் போதும்."

இசோபே சிரித்தார். "நிறுத்தி வச்சு அழகு பாக்கவா ஸ்போர்ட்ஸ் காரு? பேசாம வித்துடுங்க."

"கேட்டுப் பாத்தேன். அடிபட்ட வண்டின்னு ஒருத்தனும் தொடல."

"அப்போ இழுத்துட்டுப் போகட்டுமே! ரயில்ல போங்க. பெட்ரோல் காசாவது மிஞ்சும்."

நுமாதா இடுப்பு வரை குனிந்தார். நீட்டிய கையில் பன்னிரண்டாயிரம் யென் இருந்தது. "இவ்வளவுதாங்க இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன்."

நரைத்த தலை நிமிரவே இல்லை. இசோபேக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. கிடைத்த நாலு டயரை உருட்டி வந்து மாட்டினார். பிறகு ரசீதுச் சீட்டை நீட்டினார்.

"பேரும் முகவரியும் எழுதுங்க."

நுமாதா பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அப்புறம் எழுதிக் கொடுத்தார்.

"என்னங்க, வண்டி நம்பரை எழுதியிருக்கீங்க? நான் கேட்டது வீட்டு முகவரி."

"அதைத்தாங்க எழுதியிருக்கேன்," என்றார் நுமாதா.